யோபுவின் புத்தகத்தோடு நட்டாலம் முதல் கோட்டாறு வரை

மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது, கைக்கு வந்த செல்வம் கண்முன்னே கரைந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை, தெய்வமே கைவிட்டுவிட்டது என்று நொந்துபோயிருந்த நேரம் அது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சியாளரான டச்சுத் தளபதி டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைத் திருவிவிலியத்திலிருந்து அவருக்குச் சொன்னார். அந்தக் கதைதான் நீலகண்டரைக் கிறிஸ்தவராக்கி, இன்று நாம் போற்றும் புனித தேவசகாயம் ஆக்கியது. தாங்க முடியாத இழப்போடு குமரி மாவட்டத்துக்குத் திருப்பயணம் வருகிறவர்கள் இந்த வரலாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு இடமும் பேசும்.

பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. வேன் பிடித்து, நாகர்கோவிலில் இறங்கியதும் முதலில் கோட்டாற்றில் உள்ள அவர் கல்லறையைப் பார்த்துவிட்டு, மற்ற இடங்களைச் சாலை வசதிப்படி சுற்றி, ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். கல்லறையில் தொடங்கினால் அது சுற்றுலாவாகிவிடும். இரண்டு நாள் ஒதுக்குங்கள். அவர் வாழ்க்கை நடந்த வரிசையில் முடிந்தவரை போங்கள். திருவிவிலியத்தில் யோபு புத்தகத்துக்கு ஒரு நாடாக்குறி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலம். 1712 ஏப்ரல் 23இல் அவர் பிறந்த ஊர். இங்கே யோபு 1, 2 அதிகாரங்களை மட்டும் வாசித்தால் போதும். ஒரு தூதன் பேசி முடிப்பதற்குள் அடுத்தவன் அடுத்த இழவுச் செய்தியோடு ஓடிவருகிற பகுதி அது. கடனும் நோயும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த வீட்டார் அதை வாசிக்கும்போது விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

அடுத்தது புலியூர்க்குறிச்சி. நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில், நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இங்கே இரண்டு இடங்கள். உதயகிரிக் கோட்டைக்குள் சிதைந்து நிற்கும் சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் இறந்தவர். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வாசகங்கள் வெட்டியிருக்கிறார்கள். திருப்பயணிகள் பெரும்பாலும் கோட்டையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பெரிய குறை. துன்பத்தில் இருந்தவனிடம் உட்கார்ந்து பேசிய ஒரு மனிதர் இல்லாவிட்டால் இந்தப் புனிதர் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார். கோட்டை அரசு பராமரிப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டு உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். அதனால் இதை முதலில் பாருங்கள்.

பிறகு முட்டிடிச்சான் பாறை. 1749இல் தேவசகாயம் தன் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகக் கைதானபின், செம்புள்ளி கரும்புள்ளி குத்தி, எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் வைத்தார்கள். தாகத்தால் துவண்டு, செபித்தபடி முட்டியால் பாறையில் இடித்தபோது நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. பாறையில் உள்ள அந்தச் சின்னக் குழி நீரைத்தான் இன்றும் எடுத்துப் போகிறார்கள். பெரிய கேன் கொண்டுவராதீர்கள். பின்னால் நிற்பவருக்கும் வேண்டும், நோயாளிக்குக் கொண்டுபோக ஒரு சிறு பாட்டில் போதும். உச்சிவெயிலில் பாறை சுடும். வெறுங்காலோடு நிற்கிற வேண்டுதல் இருந்தால் காலையிலோ பொழுது சாய்ந்தோ வாருங்கள்.

மாலையில் பெருவிளை. மாதக்கணக்கில் மரத்தோடு கட்டிவைக்கப்பட்டிருந்த இடம். வாசிக்க வேண்டியது 19ஆம் அதிகாரம். என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று யோபு அறிக்கையிடுவது அந்த அதிகாரத்தில்தான். கவனியுங்கள்: இழந்தது இரட்டிப்பாகத் திரும்பி வருவது கடைசியில், 42ஆம் அதிகாரத்தில். நம்பிக்கை அறிக்கையோ புண்ணும் வேதனையும் அப்படியே இருக்கும்போது, நண்பர்களின் பழிச்சொல்லுக்கு நடுவே வருகிறது. வேண்டியது கிடைத்தபின் வருவதுதான் விசுவாசம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு அதிகாரத்தோடு அரைமணி நேரமாவது இருக்கவேண்டும். இங்கே செபமாலையை அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள் சாலை சற்று முன்னும் பின்னுமாகப் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். 1745 மே 14இல் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஊர். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம்தான் தேவசகாயம், அதாவது கடவுளின் உதவி. மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானப்பூ ஆனார். ஒப்புரவு (பாவ அறிக்கை) செய்ய நினைப்பவர்கள் பங்குக் குருவிடம் முன்கூட்டியே பேசி, அதை இங்கே வைத்துக்கொள்வது பொருத்தம்.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. 1752 ஜனவரி 14இல் அவரைச் சுட்டுக் கொன்ற இடம். பெயருக்கேற்ற காற்று. கணவாய் வழியாக வருவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளைத் தள்ளும், மெழுகுவர்த்தி நிற்காது. மலையடியில் வியாகுல மாதா ஆலயம் இருக்கிறது. மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றிவிட்டு மேலே போங்கள். மேலே மணியடிச்சான் பாறை. சிறு கல்லால் மெதுவாகத் தட்டினாலே மணிபோல ஒலிக்கும். அவர் உயிர்விட்டபோது ஒலித்ததாக மக்கள் சொல்லும் பாறை இது. ஓங்கி அடித்து உடைத்துவிடாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். நினைவுநாளான ஜனவரி 14 பொங்கல் நேரத்தில் விழுவதால் பேருந்திலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம். முதியவர்களை வேறு மாதத்தில் அழைத்து வாருங்கள்.

கடைசியாகத்தான் கோட்டாறு. காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சிய பகுதிகளைக் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்துவந்து புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2012இல் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர், 2022 மே 15இல் புனிதர். குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழாக் கூட்டம் இருக்கும். கல்லறையருகே அமைதியாக இருக்க நினைப்பவர்கள் அந்தப் பத்து நாளைத் தவிர்க்கலாம். திருப்பலி நேரத்தில் கல்லறையருகே போகாமல் இருக்கையிலேயே இருங்கள். முடிந்ததும் முன்னால் போய் முழங்கால்படியிட்டு, இரண்டு நாளாக மூடிவைத்திருந்த 42ஆம் அதிகாரத்தைத் திறங்கள். வீட்டில் காத்திருக்கும் துன்பத்தின் பெயரைச் சொல்லியே செபியுங்கள். நாடாக்குறியை மட்டும் 19ஆம் அதிகாரத்துக்கே மாற்றி வைத்துக்கொண்டு வண்டி ஏறுங்கள்.