எதிர்ப்பக்கத்து ஆள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னை "டிடி சார்" என்பார்கள். டிடி என்றால் டேபிள் டென்னிஸ். கோச் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோச் வேறொருவர். அவர் டேபிளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார், நான் அந்தப் பக்கம் நின்று பந்தைத் திருப்பி அனுப்புவேன். ஸ்பாரிங் பார்ட்னர் என்று இந்த வேலைக்குப் பெயர். காலை ஐந்தரையிலிருந்து எட்டு, சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பது. இருபது வருடமாக வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான்.

பதினைந்து வயதில் என் பேட்டின் பின்பக்கத்தில் பிம்பிள்ஸ் ஒட்டினார்கள். கை வேகம் போதாத பையனுக்கு அன்று இருந்த வைத்தியம் அது. ரப்பரில் நீளமான முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். (முகத்திலும் அப்போது அதேதான். கேலிக்குப் பஞ்சமே இல்லை.) எதிராளி டாப் ஸ்பின் என்கிற மேல்சுழற்சி போட்டு அடித்தால், முளைகள் வளைந்து, அவர் கொடுத்த சுழற்சியையே கீழ்ச்சுழற்சியாக அவரிடம் திருப்பிவிடும். எவ்வளவு முறுக்கி அடிக்கிறாரோ அவ்வளவு முறுக்கு திரும்பிப் போகும். அவர் சும்மா தட்டினால் நாமும் சும்மா தட்டியதாகத்தான் ஆகும். சொந்தச் சரக்கு குறைவு, வந்ததை வைத்துத்தான் பிழைப்பு.

அந்தப் பிழைப்பிலும் விதிகள் அடிக்கடி கை வைத்தன. 2000இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, சுழற்சி குறைந்தது. மறுவருடம் 21 பாயின்ட் ஆட்டம் 11 ஆனது. மெதுவாக எதிராளியைச் சலிப்படையச் செய்து ஜெயிக்கிறவனுக்கு அது பேரிடி. சலிப்பு வருவதற்குள் கேம் முடிந்துவிடும். 2008இல் வழவழப்பான பிம்பிள்ஸைத் தடை செய்தார்கள், என் பெட்டியில் இரண்டு ரப்பர் குப்பையாயின. அதே வருடம், பந்து வேகமாகப் பாய ரப்பருக்கு அடியில் தடவுகிற ஸ்பீடு குளூ என்ற பசையும் போனது, அது அடிக்கிறவர்களுக்கு நஷ்டம். அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன். 2014இல் செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தபோது குடித்த டீயெல்லாம் கசந்தது.

இந்த ஆட்டத்தில் வேலை என்றால் ரயில்வே, எண்ணெய் நிறுவனம், வங்கி, இப்படி ஏதாவது ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. பத்து முறை தேசிய சாம்பியனான சரத் கமலே இந்தியன் ஆயில் ஊழியர்தான். நானும் ஓர் அலுவலகத் தேர்வுக்குப் போனேன். இரண்டு இடம், நான் மூன்றாவது. எடுக்கப்பட்ட இருவரில் ஒருவனை முந்தைய மாதம்தான் ஒரு கேமும் விடாமல் நேர் கேமில் ஜெயித்திருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? அப்பா "சரி விடு, வேற பாரு" என்றார். வேறு எதையும் பார்க்கத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தின் எடை 2.7 கிராம். ஃபேன் போட்டால் பந்து போகிற போக்கே மாறும், ஜன்னல் திறந்தால் தேவனாம்பட்டினத்துக் கடல் காற்று உள்ளே வந்துவிடும். கத்திரி வெயிலிலும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஆடுவோம். சாயங்காலம் ஈரம் ஏறினால் பந்து ரப்பரைப் பிடிக்காமல் வழுக்கும். வெளியூர்ப் பையன்கள் பேட்டைத் துடைத்துத் துடைத்தே களைத்துப்போவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் துடைக்கிற வேகமே ஒரு ஷாட் மாதிரி.

2011 டிசம்பர் 30ஆம் தேதி "தானே" புயலில் கூரைத் தகடு பறந்து இரண்டு டேபிள் நனைந்தன. ஒன்றைத் தூக்கிப் போட்டோம். மற்றதில் ஒரு மூலை மட்டும் உப்பிப்போய், அங்கே விழுகிற பந்து எழும்பாது. புதிதாக வாங்கப் பணம் சேர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் பிள்ளைகள் அந்த மூலைக்கே குறி வைத்து ஆடப் பழகிவிட்டார்கள். புது டேபிள் வந்த அன்று அவர்கள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ் வைத்து ஆடி மனிகா பத்ரா சிங்கிள்ஸ் தங்கம் ஜெயித்ததும் என் மவுசு ஏறியது. "சார், பாப்பாவுக்கும் அந்த ரப்பர் ஒட்டிவிடுங்க" என்று வருவார்கள். அதோடு, பிம்பிள்ஸ்காரர்களிடம் தோற்றுப்போகிற பிள்ளைகளுக்கு எதிரே நிற்க ஆள் வேண்டுமே. அதற்கும் நான்தான்.

போன வருடம் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி புதுச்சேரி உப்பளம் உள்விளையாட்டு அரங்கில் ஓர் ஓபன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். டிராவில் இவளுக்கு எதிரே வரக்கூடியவள் புதுச்சேரிப் பெண், பிம்பிள்ஸ் டிஃபெண்டர், அதாவது அடிக்காமல் தடுத்தே ஆடுகிறவள். நான் பஸ் ஏறிப் போய் அவள் ஆடுவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பும்போது முள்ளோடையில் ஏறிய கூட்டத்தின் தள்ளாட்டத்திலும் நோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு குறித்ததைப் படித்தேன். அதற்கப்புறம் மூன்று வாரம், மீசை வைத்த நான் அந்தப் புதுச்சேரிப் பெண்ணாக இருந்தேன். அவள் நிற்கிற தூரம், பந்தைக் கீழ்நோக்கி வெட்டி சாப் போடும்போது முழங்காலை மடக்குகிற விதம், எல்லாம் அப்படியே.

போட்டியன்று ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் பேட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். கேலரியிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. புதுச்சேரிப் பெண்ணின் பேட்டில் இரண்டு பக்கமும் முளையில்லாத சாதா ரப்பர். இடையில் மாற்றிவிட்டாள். டேபிளை ஒட்டி நின்று அடி அடியென்று அடித்தாள். மூன்று நேர் கேமில் எங்கள் பெண் தோற்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "சார், மூணு வாரத்துல நீங்க ஒரு பந்துகூட அடிக்கலையே."

எதிராளி ரப்பர் மாற்றியதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ரப்பர் மாறாமலே அவள் நடுவில் நாலு பந்து அடித்திருந்தாலும் எங்கள் பெண் திணறியிருப்பாள். எனக்கு அடிக்க வராது என்பதால்தான் நான் அடிக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதாகிறது, வலது முழங்காலில் தேய்மானம்.

இப்போதெல்லாம் காலை ஐந்து மணிக்கே அரங்கைத் திறக்கிறேன். மற்ற பிள்ளைகள் வருவதற்குள் அரை மணி நேரம் ஃபோர்ஹேண்ட் பழகுகிறேன். ஒரு கூடைப் பந்தில் பாதி நெட்டில் விழுகிறது. பந்து போடுகிறவள் தோற்ற எங்கள் பெண்தான். "சார், இடுப்பைத் திருப்புங்க" என்று அதட்டுகிறாள்.