கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு கால்வாய்

எங்கள் படகில் சுக்கான் எனக்கு, கயிறும் எஞ்சினும் அவருக்கு. இந்த முடிவுக்கு வர எங்களுக்கு ஒரு முழு வருடம் ஆனது. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்தும்போது "இடப்பக்கம் திருப்பு" என்பதுகூடச் சண்டையாகத்தான் காதில் விழும். அப்படி இரண்டு சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டிருக்கிறோம். அப்புறம்தான் கைச்சைகை பழகினோம். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் மெதுவாக முன்னே போ.

நான் தூத்துக்குடிக்காரி. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனால் சுக்கானைத் தொட்டது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டுக்கு வந்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகு. 32 அடிப் பழைய படகு ஒன்றை வாங்கினோம். போன அக்டோபர் கடைசியில் நார்ஃபோக்கிலிருந்து தெற்கே கிளம்பினோம். அங்கேதான் அட்லாண்டிக் கரையோர நீர்வழியின் மைல் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. வெளியே கடல் வழியில் வரும் ஹட்டெராஸ் முனை எத்தனையோ கப்பல்களை விழுங்கிய இடம். எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் உள்வழியாகவே தெற்கே போய்விடலாம்.

ஏழு மைல் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். பெரிய படகுகள் அகலமான கால்வாய்க்குப் போகும். நாங்கள் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய்க்குத் திரும்பினோம். பெயருக்கு 'துயரச் சதுப்பு' என்று பொருள். 22 மைல் நீளம், இரு பக்கமும் மரங்கள், ஏறக்குறைய நேர்கோடு.

நுழைவாயில் டீப் க்ரீக் லாக். லாக் என்றால் இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரால் படகை ஏற்றி இறக்கும் தொட்டி. ஒரு நாளைக்கு நான்கே முறைதான் திறப்பார்கள். நாங்கள் 11 மணிக்கு உள்ளே போனோம். கதவு மூடி, தண்ணீர் நிறைந்து, படகைச் சுமார் எட்டடி மேலே தூக்குகிறது. கயிற்றைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது. படகு ஏற ஏற, தளர்வதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் அதை அவ்வளவு நிதானமாகச் செய்வார்.

கால்வாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தேன். அப்படியே ஊரில் ஆச்சி போட்ட கருப்பட்டிக் காப்பி நிறம். இலையும் மரப்பட்டையும் ஊறி இறங்கும் டேனின் என்ற துவர்ப்புச் சத்துதான் காரணம். சீக்கிரம் கெடாத தண்ணீர் என்று அந்தக் காலத்து மாலுமிகள் இதைப் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு கடலுக்குப் போவார்களாம்.

இரண்டு மணி வாக்கில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள், வழக்கமான 180 டிகிரி ஃபாரன்ஹீட்டை விட்டு 200-ஐத் தாண்டியது. "ஏங்க, சூடு ஏறுது!" என்றேன். எஞ்சினை அணைத்ததும் அவர் கீழே இறங்கி, எஞ்சினைக் குளிர்விக்க வெளித்தண்ணீரை உள்ளே விடும் வால்வை மூடிவிட்டு, அந்தத் தண்ணீரின் வடிகட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே பச்சைக் கூழ். தண்ணீர் மேல் மிதக்கும் கடுகளவு இலைகள், துவையல் மாதிரி இறுகிப்போயிருந்தன. கை கையாக வழித்து வாளியில் போட்டார். நான் நீளக் கழியால் கரையோரக் கிளைகளைத் தள்ளித் தள்ளிப் படகை நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முக்கால் மணி நேர அமைதியை என்னால் மறக்க முடியவில்லை. காற்று இல்லை. மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் மரம் மரமாகத் தாவிக்கொண்டிருந்தது. இந்தக் கால்வாயை 1793-இல் தொடங்கி 1805 வரை வெட்டினார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். எஜமானர்கள் வாடகைக்கு அனுப்பிய மனிதர்கள், இந்தக் கறுப்புத் தண்ணீரில் நின்று கையால் வெட்டியிருக்கிறார்கள். தப்பி ஓடியவர்கள் இதே சதுப்புக்குள் போய்க் குடிசை போட்டு, தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். எனக்கு இடுப்பு வலித்தது, கழியை மாற்றிப் பிடித்தேன். அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

மறுபடி கிளம்பி, வட கரோலினா எல்லை தாண்டியதும் வரும் படகுத்துறையில் இரவு தங்கினோம். ரசமும் அப்பளமும். அவர் விரல் நகங்களுக்குள் இன்னும் பச்சை இருந்தது.

காலை எட்டரைக்கு சவுத் மில்ஸ் லாக். இங்கே இறக்கம், அதனால் கயிற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும். ஈரச் சுவர் எங்களைச் சுற்றி உயர்ந்தது. அவர் கைக்குள் கயிறு சீராக வழுகிப் போனது. கதவு திறந்து, பாஸ்க்வோடாங்க் ஆற்றுக்குப் போகும் வழி தெரிந்ததும், திரும்பாமலே விரலைச் சுழற்றினார். நான் கியரைப் போட்டேன்.