தளபதியின் பூட்ஸ்

ஜூலை 19

பூட்ஸ் வந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் மச்சாள் புறக்கோட்டைக் கடைகளில் தேடி வாங்கி, இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கறுப்பு நிறம், கெண்டைக்காலை மூடும் உயரம், உட்பக்கத்தில் சிப். குதி ஏழு சென்ரிமீற்றர். ஊசிக்குதி இல்லை, கட்டைக்குதி. முதன்முதலாகப் போடுகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்று போனில் சொன்னார். நிலத்தில் படுகிற பரப்பு கூட என்பதால் கால் பக்கவாட்டில் சரியாதாம். அதோடு பூட்ஸ் கணுக்காலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். செருப்பு மாதிரிக் கழன்று கழன்று அடிக்காது.

இதை வாசிக்கிற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்காது. எங்கள் நாடகக் குழு செப்டெம்பரில் மேடையேற்றப்போவது திருகோணமலைக் கோணேசர் கோயில் இடிபட்ட கதை. 1620களில் அந்தக் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினு டி சா. அந்தப் பாத்திரம் எனக்கு. குரல் இருக்கிறது, உயரம்தான் வேண்டும் என்று நாடகத்தைப் பழக்குகிற சேர் சொன்னார். படைவீரராக வருகிற பெடியன்கள் எல்லோரும் நெடுவல்கள். அவர்களுக்கு நடுவில் தளபதி நிமிர்ந்து தெரிய வேண்டும்.

பரதம் பழகிய கால் என்னுடையது. இத்தனை வருடமும் மேடை என்றால் வெறுங்கால்தான். இனிப் பூட்ஸோடு ஏறிப் பழக வேண்டும்.

ஜூலை 22

மச்சாளின் முதல் கட்டளை: நடக்காதே, நில்.

அதுவும் பின்னேரத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பகல் முழுக்க நின்று நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அப்போது இறுக்காத பூட்ஸ் எப்போதும் இறுக்காது. கந்தோரால் வந்து, முகம் கழுவி, காலுறை போட்டு, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெறுங்காலில் நிற்கும்போது உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் குதியில்தான் இருக்கும். குதியை உயர்த்தினால் அந்தப் பாரம் முன்பாதத்துக்குப் போகிறது. பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில் அது வந்து இறங்குவதை இன்று நன்றாக உணர்ந்தேன். உடம்பு சும்மா இருக்காது. முன்னால் விழப்போகிறோம் என்று நினைத்து முழங்கால் தானாக மடிகிறது, இடுப்பு பின்னால் போகிறது. கண்ணாடியில் பார்த்தால் கதிரையில் இருக்கப்போகிறவர் மாதிரி ஒரு தோற்றம். அப்புறம் வயிற்றை உள்ளே இழுத்து, முழங்காலை நிமிர்த்தி, பாரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் பின்னால், குதிக்கட்டையின் மேல் கொண்டுபோனேன். தூணை விட்டேன். நின்றது.

அம்மா விளக்கு வைக்கும்வரை அப்படியே நின்றேன். நிற்கத் தெரிந்தால் நடை பாதி வந்த மாதிரி என்று எங்கள் நடன ரீச்சர் சொல்லுவார். இங்கேயும் அதே கதைதான்.

ஜூலை 28

நடக்கத் தொடங்கியாயிற்று. எங்கள் நடுஅறை பழைய சிவப்புச் சீமெந்து, மினுங்கும். புதுச் சப்பாத்தின் அடி வழுக்கும் என்பதால் மரத்துக்குத் தேய்க்கிற சாண்ட் பேப்பரால் அடியை உரசிவிட்டேன். இப்போது பிடிக்கிறது.

குதி முதலில், பிறகு முன்பாதம். இது எல்லாரும் சொல்வது. ஆனால் இரண்டுக்கும் இடையில் நேரம் விடக்கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. வெறுங்காலில் குதியை ஊன்றி மெதுவாகப் பாதத்தை உருட்டி இறக்குவோமே, அப்படி இங்கே செய்தால் குதி இறங்கி, முன்பாதம் தனியாக வந்து அடிக்கிறது. 'டக் - டப்' என்று இரண்டு சத்தம். அடியைச் சின்னதாக வைத்து, காலை நேரே கீழே இறக்கினால் இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம். அதைக் காதால்தான் கற்றுக்கொண்டேன். கீழே குனிந்து பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். எதிர்ச்சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்த்தபடியே நடக்க வேண்டும்.

குசினிக்குள் இருந்து அம்மா, "பிள்ளை, இப்ப ஒரு சத்தம்தான் கேக்குது" என்றார். நான் கேட்காமலேயே தாளம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பரதம் பழகிய காலுக்கு இதில் ஒரு நன்மை, ஒரு கரைச்சல். நாட்டடவில் குதியை ஊன்றி ஊன்றிப் பழகியதால் குதி எங்கே இறங்குகிறது என்று பாராமலே தெரியும். ஆனால் முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்து நிற்கிற அரைமண்டி பழகிய முழங்கால் சந்தர்ப்பம் கிடைத்தால் மடியப் பார்க்கிறது. பாதங்களும் வெளிப்பக்கம் திரும்பப் பார்க்கின்றன. சீமெந்தில் சோக்கால் நேர்கோடு போட்டு, அதன் இருபக்கமும் கால் நேராக இருக்கும்படி நடந்து பழகுகிறேன்.

ஆகஸ்ட் 4

இன்று ஒத்திகையில் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஆம்பிளை வேசத்துக்கு ஹீல்ஸ் சரியா?"

சரிதான் என்று சேர் விளக்கினார். அதை இங்கே எழுதிவைக்கிறேன். குதி உயர்ந்த சப்பாத்து ஆண்களிடமிருந்து வந்தது. பாரசீகத்துக் குதிரை வீரர்கள் அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்குகிற கால்வளையத்தில், எழுந்து நின்றபடி அம்பு எய்வார்கள். அங்கவடியிலிருந்து கால் வழுக்காமல் மாட்டிக்கொள்ளத்தான் குதி. 1600ஆம் ஆண்டையொட்டி அது ஐரோப்பாவுக்குப் போனது; அங்கே பிரபுக்களும் படைத்தலைவர்களும் போடத் தொடங்கினார்கள். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியை ஓவியர் ரிகோ 1701இல் வரைந்த படத்தில் மன்னரின் சிவப்புக் குதிகள் பளிச்சென்று தெரிகின்றன. வயலிலோ தெருவிலோ வேலை செய்ய உதவாத சப்பாத்து அது. போட்டிருப்பவர் நடந்து உழைக்கத் தேவையில்லாதவர் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடும்.

இது எனக்குப் பெரிய உதவி. இதுவரை விழாமல் நடப்பதில்தான் கவனம். தளபதிக்கு அவசரமில்லை, மற்றவர்கள்தான் அவனுக்காகக் காத்திருப்பார்கள். பூட்ஸும் அவசரமாக நடக்க விடாது. நான் குறை என்று நினைத்த மெதுநடைதான் அவனுடைய நடை. பின்னேர ஒத்திகையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வேண்டுமென்றே நேரம் எடுத்தேன். பெடியன்கள் கதைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 9

கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. பூட்ஸுக்குள் கால் வேகுது. குதியின் பின்பக்கம் கொப்புளம். பருத்திக் காலுறை, பவுடர், முன்கூட்டியே பிளாஸ்டர். இரண்டு மூன்று நாள் ஓய்வு.

ஆகஸ்ட் 17

மேடைக்கு ஏற ஐந்து படி. கடைசிக் காட்சியில் தளபதி சாய்வான பலகையால் இறங்க வேண்டும். அதற்காக விடியக் காலையில், ஆள் நடமாட்டம் தொடங்குமுன், உவர்மலைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் ஏறி இறங்கினேன். பூட்ஸைப் பையில் கொண்டுபோய் அங்கே மதிலில் இருந்து மாட்டினேன்.

ஏறுவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஏற்றம்தான் சுகம். யோசித்துப் பார்த்தால் புரிகிறது: ஏற்றத்தில் நிலம் விரல்பக்கத்தை உயர்த்துகிறது, பூட்ஸ் குதிப்பக்கத்தை உயர்த்துகிறது, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிப் பாதம் கிட்டத்தட்டச் சமதரையில் நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இறக்கத்தில் இரண்டும் கூட்டுச்சேர்ந்து விரல்களை முன்னால் தள்ளுகின்றன. அங்கேதான் அடியை இன்னும் சின்னதாக்க வேண்டும், முதுகை நிமிர்த்திப் பாரத்தைப் பின்னால் பிடிக்க வேண்டும். படி இறங்கும்போது உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழுப்பாதத்தையும் படியில் வைத்து, கைபிடி இருந்தால் அதில் ஒரு கை. கைபிடி இல்லாத எங்கள் மேடைக்குச் சேர் ஒரு வழி சொன்னார்: இரண்டு வீரர்கள் வாளை நீட்டி நிற்பார்கள், தளபதி போகிற போக்கில் ஒருவனுடைய தோளில் கை வைப்பான். பார்க்கிறவர்களுக்கு அது அதிகாரம். எனக்கு அது பிடிமானம்.

முன்வீட்டு அக்கா பிசியோதெரபிஸ்ட். ஒழுங்கையால் வந்தவர் என்னைக் கண்டு நின்றார். கதையைக் கேட்டுவிட்டு, "பழகு, ஆனா கழட்டின உடனே கெண்டைக்காலை இழுத்துவிடு" என்றார். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேலான குதியை இரண்டு வருடமாவது தொடர்ந்து போட்ட பெண்களைச் சோதித்ததில், கெண்டைத் தசையின் நார்கள் குறுகியும் குதிநாண் தடித்து விறைத்தும் இருந்தனவாம். அதனால்தான் அப்படிப் பழகியவர்களுக்கு வெறுங்காலில் நடந்தால் நோகும். எனக்கு நாடகத்துக்கு மட்டும்தான் பூட்ஸ். என்றாலும் அக்கா காட்டியபடி படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதியைக் கீழே இறக்கி, மூச்சை எண்ணி, ஒவ்வொரு நாளும் செய்கிறேன். கீழே விரித்த துவாயை விரல்களால் சுருட்டி எடுப்பதும் பாடத்தில் உண்டு.

ஆகஸ்ட் 29

வெள்ளிக்கிழமை. அம்மாவோடு, பிற்காலத்தில் திரும்பக் கட்டிய கோணேசர் கோயிலுக்குப் போனேன். போகிற வழியில் கோட்டை வாசலில், கல்லில் செதுக்கிய இணைக்கயலுக்கு, அந்த இரட்டை மீனுக்கு, முன்னால் நெடுநேரம் நின்றேன். இடித்த கோயிலின் கல் கோட்டையில் இருக்கிறது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தளபதியாக நடக்கப் பழகத் தொடங்கியபின் இன்றுதான் இந்த வாசலுக்கு வருகிறேன். பார்க்கச் சங்கடமாக இருந்தது.

உள்ளே மான்கள் நிழல் தேடிப் படுத்திருந்தன. மேலே செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடந்தோம். வெயில் ஏறிய தரை சுட்டது. சூடு, மணல், ஒரு சின்னக் கல், எல்லாம் பாதத்துக்குத் தெரிந்தன. சம்பந்தர் பாடிய தலம். ஏழாம் நூற்றாண்டிலிருந்து எத்தனை தலைமுறை இந்த மலையில் வெறுங்காலோடு ஏறியிருக்கும்.

புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலம் போன நேரம், போர்த்துக்கேயப் படையினர் பூசகர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எங்கள் நாடகத்தின் முதற்காட்சி அதுதான். அங்கே நான் வேட்டியும் வெறுங்காலுமாக வருகிறேன். இரண்டாம் காட்சியில் பூட்ஸ். சபையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வித்தியாசம் காலில் தெரிய வேண்டும். கோயிலுக்குள் சப்பாத்தோடு நடக்கிற ஒருவனின் சத்தம் எங்கள் ஆட்களை என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதனால் அந்தச் சத்தம் தடுமாறக்கூடாது. ஓர் அடி பிசகினாலும் சபைக்கு நான்தான் தெரிவேன், தளபதி தெரியமாட்டான்.

செப்டெம்பர் 6

மண்டபத்தில் முழு ஒத்திகை. பலகை மேடை. சீமெந்துக்கும் பலகைக்கும் நிறைய வித்தியாசம்: பலகை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிறது, சத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. பலகைகளுக்கு இடையில் வெடிப்பு இருக்கும் இடங்களில் சேர் வெள்ளை நாடா ஒட்டச் சொன்னார். கட்டைக்குதிதான் என்றாலும் வெடிப்பில் அதன் விளிம்பு மாட்டலாம்.

ஏறுமுன் மேடையைத் தொட்டுக் கும்பிடுவது என் பழக்கம். பூட்ஸோடு அதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். "நீ கும்பிடு பிள்ளை, தளபதி கும்பிடமாட்டான்" என்றார் சேர். முதற்காட்சிக்கு முன் வெறுங்காலோடு தொட்டுக் கும்பிட்டுவிட்டேன். மனம் ஆறியது.

இரண்டு காட்சிக்கும் இடையில் ஒரு பாட்டு. அதற்குள் பூட்ஸ் மாட்ட வேண்டும். வியர்த்த கால் உள்ளே போகாது. மச்சாள் சொன்ன உபாயம் அருமை: காலுறைக்கு மேல் ஒரு சொப்பிங் பேக்கை மாட்டி, காலைப் பூட்ஸுக்குள் விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சிப் போடுமுன் பேக்கை மேலே உருவி எடுத்துவிடலாம். பக்கத்தில் ஒரு தங்கச்சி இதற்கென்றே நிற்கிறாள்.

இடது குதியின் அடியில் இருக்கிற றப்பர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடது காலை வெளிப்பக்கமா ஊண்டுறீங்கள், தங்கச்சி" என்றார். நடப்பதைப் பாராமலே சொன்னார்! புது றப்பர் போட்டுத் தந்தார். வீட்டில் சோக்குக் கோட்டில் மறுபடி நடந்து, இடது காலின் பெருவிரல்பக்கம் பாரத்தைக் கொண்டுவரப் பழகினேன்.

செப்டெம்பர் 14

நேற்று மேடையேற்றம்.

பாட்டு முடிந்து விளக்கு வருமுன், இருட்டிலேயே நடக்கத் தொடங்கினேன். சேரின் யோசனை அது: முதலில் சத்தம், பிறகு ஆள். முன்வரிசையில் இருந்த அம்மாமார் கதையை நிறுத்துவது மேடைக்கே கேட்டது. விளக்கு வந்தபோது நான் நடுமேடையில் நின்றேன், முழங்கால் நேராக, பாரம் குதியில். சாய்வுப் பலகையில் இறங்கும்போது தோள் கொடுத்த தம்பி கொஞ்சமும் அசையவில்லை. அவனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முடிந்தபின் ஓர் அம்மம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பாக்கவே கோவம் வந்தது மோனை" என்றார். அதைவிட என்ன வேண்டும்.

அடுத்து சாம்பல்தீவில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வெளியரங்கு, மணல் தரை. மணலில் குதி புதையும், சத்தமும் வராது. பலகை விரித்துத் தந்தால் வருகிறோம் என்று சேர் பதில் அனுப்பியிருக்கிறார். இருபதடி நீளத்துக்கு வேண்டும், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும் என்று நானும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.