மெதுவாக நடப்பவர் முன்னால்

ஆகஸ்ட் 9, வெள்ளி. சீடர் குரோவ்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து மதியம் கிளம்பியும், 180ஆம் நெடுஞ்சாலை கிங்ஸ் ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கும்போது இருட்டிவிட்டது. கூடாரம் அடித்த கையோடு மூட்டை பிரிக்கும் வேலை.

சியரா நெவாடா மலையில் ரே ஏரிகளைச் சுற்றி வரும் இந்த ஐந்து நாள் நடைக்குக் கரடிப்பெட்டி, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி, இல்லாமல் போக முடியாது. எங்களிடம் இருப்பது பிவி500 என்ற வகை. 11.5 லிட்டர் கொள்ளும், வெறும் பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல். ஓரத்திலுள்ள புடைப்பை உள்ளே அழுத்திக்கொண்டே மூடியைத் திருகித் திறக்க வேண்டும். "கரடிக்கு இந்த வித்தை தெரியாதுல்ல" என்றார் அண்ணன். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன் என்று மணக்கிற எதுவும் அதற்குள்தான். முறுக்கை முழுசாக வைத்தால் பாதிப் பெட்டி காற்றாகிவிடும் என்று, அக்கா இரக்கமே இல்லாமல் அத்தனையையும் பைக்குள் வைத்து நொறுக்கினார். அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மோர்மிளகாய், சின்ன புட்டியில் நெய்.

அண்ணன், அக்கா, தம்பி, என் மனைவி, நான். இதில் யாரும் யாருக்கும் ரத்த உறவில்லை (மனைவி விஷயம் வேறு). தம்பி மாரத்தான் ஓடுபவன். அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் பட்டை. இந்த வித்தியாசத்தைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசாமல் இருக்கிறோம்.

ஆகஸ்ட் 10, சனி. பாரடைஸ் பள்ளத்தாக்கு

சாலை முடியும் இடத்துக்கு ரோட்ஸ் எண்ட் என்றே பெயர். 5,035 அடி. அங்கே பெர்மிட் கொடுக்கும் ரேஞ்சர் அம்மா கரடியைவிடக் கழிவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். தண்ணீரிலிருந்து 100 அடி தள்ளி, அரையடி ஆழத்தில் குழி தோண்ட வேண்டும். காகிதத்தைப் புதைக்கக் கூடாது, பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நமக்குத்தான் காகிதமே வேண்டாமே, ஒரு பாட்டில் தண்ணீர் போதும் என்று அண்ணனுக்கு ஒரே பெருமை.

முதல் இரண்டு மைல் மணல் பாதை, வெயில். அப்புறம் மிஸ்ட் அருவி வரை கல் படிகள். தம்பி கண்ணில் படவே இல்லை. அருவிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருந்தான். "வந்துட்டீங்களா, கிளம்பலாமா?" என்றான். முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தவன் கிளம்புகிறான், ஓய்வு தேவைப்படுகிறவர் அவன் பின்னால் எழுந்து ஓடுகிறார். கூட்டமாக நடப்பதில் இதைவிட மோசமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அக்கா வாயே திறக்கவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். நாளையிலிருந்து அக்கா முன்னால், தம்பி கடைசியில். அக்காவை யாரும் முந்தக் கூடாது. தம்பிக்கு முகம் தொங்கிப்போனது. "அக்கா, உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்டான், மறுப்பார் என்ற நம்பிக்கையில். "ரொம்ப ஓகே" என்றார் அக்கா.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. வுட்ஸ் கிரீக் பாலம்

மேல் பாரடைஸில் கிங்ஸ் ஆற்றின் தென்கிளையைக் கடக்க வேண்டும். அங்கிருந்த பாலத்தை 2017இல் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது இறங்கித்தான் கடக்க வேண்டும். பனி உருகும் ஆறுகளில் காலையில் நீர் குறைவு, வெயில் ஏற ஏற மாலையில் கூடும். அதனால் எட்டு மணிக்கே அங்கே நின்றோம். இடுப்புப் பட்டியை அவிழ்த்துவிட்டோம், விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு எழ வேண்டுமே. ஓட்டம் வரும் திசையைப் பார்த்தபடி, ஊன்றுகோலோடு பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக. தொடை வரை தண்ணீர், சில்லென்று எலும்பைக் கடித்தது. தம்பி இரண்டு முறை கூடுதலாகக் கடந்து அக்காவின் மூட்டையையும் என் மனைவியின் மூட்டையையும் கொண்டுவந்தான். வேகமான கால்கள் அங்கேதான் உண்மையில் பயன்பட்டன.

புது ஏற்பாடு எப்படி? முதல் ஒரு மணி நேரம் எனக்கே எரிச்சல்தான். அக்கா நடப்பது அவ்வளவு மெதுவு. ஆனால் அவர் நிற்பதில்லை. தண்ணீர் குடிப்பதுகூட நடந்துகொண்டே, குழாய் வழியாக. நாங்களோ கடகடவென்று ஏறி, மூச்சிரைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு பாறையில் சாய்கிற ரகம். மதியம் பார்த்தால், முதலில் போட்டு வைத்திருந்த நேரக் கணக்கை முந்தியிருந்தோம். அண்ணன் வரைபடத்தை இரண்டு முறை சரிபார்த்தார்.

8,500 அடியில் தொங்குபாலம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம் என்று பலகை. கால் வைத்ததும் பலகைகள் துள்ளும், நடுவில் பக்கவாட்டிலும் ஆடும். இங்கே எங்கள் பாதை ஜான் மியூர் பாதையோடு சேர்கிறது. யோசமிட்டியிலிருந்து விட்னி சிகரம் வரை 211 மைல் போகிற பாதை அது. எதிரில் வந்த ஒருவர் மூன்று வாரமாக நடக்கிறாராம். அவரிடம் முறுக்குத் தூளை நீட்டினோம். உள்ளங்கையை நக்கிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 12, திங்கள். ரே ஏரிகள்

இன்று தூரம் குறைவு, ஏற்றம் மட்டும்தான். டாலர் ஏரி, ஆரோஹெட் ஏரி, அப்புறம் ஃபின் டோம் என்ற செங்குத்துப் பாறைக்குக் கீழே ஒன்றோடொன்று கோத்தாற்போல் ரே ஏரிகள். தெற்கே பெயின்டட் லேடி சிகரத்தில் காவியும் சாம்பலுமாகப் பட்டை பட்டையான நிறம். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப்பின் நெடுங்காலச் செயலாளர் வில்லியம் கோல்பியின் மனைவி ராச்சேல். செல்லப் பெயர் ரே. அந்தப் பெயரைத்தான் ஏரிக்கு வைத்தார்கள்.

கரையில் நின்றால் டிரவுட் மீன்கள் தெளிவாகத் தெரிகின்றன. "எவ்வளவு சுத்தமான இயற்கை!" என்று தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தான். இந்த மீன்கள் இங்கே இயற்கையாக வந்தவை அல்ல. பனியாறு குடைந்த பள்ளங்கள் இவை. அத்தனை அருவிகளைத் தாண்டி மீன் ஏறி வர வழியே இல்லை. தூண்டில்காரர்களுக்காக மனிதர்கள்தான் கொண்டுவந்து விட்டார்கள், முதலில் கோவேறு கழுதை முதுகில், பிற்காலத்தில் விமானத்திலிருந்து கொட்டி. அடி வாங்கியது மஞ்சள்கால் தவளை. இந்தக் குளிரில் அதன் தலைப்பிரட்டை தவளையாக ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை, குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரிதான் அதற்கு வேண்டும். மீன் விட்டதும் அதே ஆழமான ஏரிகளில்தான். மிஞ்சியவற்றைக் கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் பிடித்தது. மேற்கே மேட்டைத் தாண்டினால் வரும் சிக்ஸ்டி லேக் பேசினில் ஆய்வாளர்கள் அந்தச் சாவைக் கண்ணெதிரே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 2014இல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பூங்கா நிர்வாகம் தேர்ந்தெடுத்த சில ஏரிகளில் வலை போட்டு மீன்களை அகற்றுகிறது. அங்கே தவளை திரும்பப் பெருகவும் செய்கிறது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் தம்பி மீனைப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தவளை தேடப் போனான். கிடைக்கவில்லை.

சமையல் பற்றி எழுத வேண்டும், நிறையப் பேர் கேட்பார்கள். 10,500 அடியில் தண்ணீர் சுமார் 89 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் கேஸ்தான் தீரும், பருப்பு வேகாது. பத்தாயிரம் அடிக்கு மேலே விறகும் எரிக்கக் கூடாது. அண்ணன் கொண்டுவந்த பச்சைப்பயறு அரை மணி நேரக் கொதிப்புக்குப் பிறகும் பல்லில் கல்லாக இருந்தது. அக்காவோ வீட்டிலேயே சாம்பார் சாதத்தைக் குழையக் கிண்டி, டிஹைட்ரேட்டரில் உலர்த்தி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டியிருந்தார். வெந்நீர் ஊற்றி, பொட்டலத்தைத் தொப்பிக்குள் சுற்றி இருபது நிமிடம். மேலே ஒரு சொட்டு நெய். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், கத்திரிக்காயோடு சாம்பார் சாதம்! பச்சைப்பயறை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம், கொட்டவும் கூடாதே.

பெர்சீட் விண்கற்கள் உச்சத்தில் இருக்கும் இரவு இது. அரை நிலா மறைந்த பிறகு பார்க்கலாம் என்று அலாரம் வைத்திருக்கிறோம். யார் எழுவார்கள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய். விடெட் மெடோ

எல்லாரும் எழுந்தோம். கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம். அதனால் ஐந்தரைக்குக் கிளம்பும்போது ஆளாளுக்குக் கண் எரிச்சல்.

கிளென் பாஸ் என்ற கணவாய் 11,978 அடி. கடைசிப் பகுதி முழுக்க உடைந்த கிரானைட் குவியலில் வளைந்து வளைந்து போகும் பாதை. பச்சை என்று எதுவும் இல்லை. கற்களுக்கிடையில் பைக்கா ஒன்று வாயில் புல்லோடு ஓடியது. முயலுக்குச் சொந்தம், ஆனால் கையளவுதான் இருக்கும். குளிர்காலத்துக்கு இப்போதே வைக்கோல் சேர்க்கிறது. அக்கா எண்ணிக்கொண்டே ஏறினார். நூறு அடி வைப்பார், நின்று ஐந்து மூச்சு விடுவார், மறுபடி நூறு. நாங்களும் அதே கணக்கில். தம்பி கடைசியில், ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. எனக்கு லேசான தலைவலி, மனைவிக்கு ஒன்றுமில்லை.

ஒன்பது மணிக்கு உச்சி. கத்தி விளிம்பு மாதிரி ஒடுக்கமான மேடு அது. வடக்கே நாங்கள் விட்டு வந்த ஏரிகள், தெற்கே கறுத்த சிறு குட்டைகள். "முதல்ல யாரு வந்தது, பாத்துக்கோங்க" என்றார் அக்கா. அண்ணன் சல்யூட் அடித்தார்.

அங்கே அதிக நேரம் உட்காரவில்லை. கோடையில் இந்த மலைகளில் பிற்பகல் இடி வழக்கம்; உச்சியில் மாட்டினால் ஒளிய மரம்கூடக் கிடையாது, இருந்தாலும் மரத்தடி ஆபத்துதான். சார்லட் ஏரிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது பின்னால் வானம் கறுத்திருந்தது. ஒரு மணி வாக்கில் பாஸ் பக்கம் முதல் இடி. அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்த மூன்று இளைஞர்களை வழியில் பார்த்திருந்தோம். அவர்கள் திரும்பி இறங்கி வந்ததைக் கூடாரத்திலிருந்து பார்த்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

ஆகஸ்ட் 14, புதன். ரோட்ஸ் எண்ட்

பப்ஸ் கிரீக் ஓரமாக இறக்கம், இறக்கம், இறக்கம். ஏற்றத்தைவிட இதுதான் முழங்காலுக்கு எமன். ஸ்ஃபிங்க்ஸ் கிரீக்குக்குக் கீழே வளைவுகளில் நிழலே இல்லை, பாறை அனலடித்தது. அக்காவின் சாமான் பாதியைத் தம்பி கேட்காமலே எடுத்துக்கொண்டான். கடைசி இரண்டு மைல் சமதளத்தில் மட்டும் விதியைத் தளர்த்தினோம். அவன் ஓடியே போனான், காரின் ஏசியைப் போட்டு வைப்பதற்காக.

சீடர் குரோவில் காசு போட்டுக் குளித்து, பர்கர் சாப்பிட்டோம். அடுத்த வருடத்துக்கான பெர்மிட் முன்பதிவு ஆறு மாதம் முன்னால் திறக்கும், பிப்ரவரியில் உட்கார வேண்டும் என்றார் அக்கா, சிக்ஸ்டி லேக் பேசினுக்கு ஒரு நாள் கூட்டி. அண்ணன் வரமாட்டேன் என்கிறார். ஃப்ரெஸ்னோ தாண்டும் வரை அந்தச் சண்டைதான்.