பொட்டோசி: மூச்சுக் கணக்கு

ஜூலை 7, சுக்ரே, பொலிவியா

91. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் இரத்த ஆக்ஸிஜன் சதவீதம்.

இந்த ஊர் 2,800 மீட்டர். பொட்டோசி 4,000-க்கும் மேல். இடையில் 160 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது மலை மருத்துவக் கணக்கு. பேருந்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஈடு கட்ட வேண்டியதை இங்கேயே கட்டியாக வேண்டும்: மூன்று இரவாவது தங்கல்.

ஜூலை 8

மலை நோயைத் தடுக்கும் மாத்திரை: அசிட்டசோலமைடு 125 மி.கி., காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனியில் எறும்பு ஊரும், அடிக்கடி சிறுநீர் முட்டும், சோடா சப்பென்று போகும். மூன்றும் மாத்திரையின் வேலை. மலை மேல் பழி போட வேண்டாம்.

ஜூலை 9

92. இன்னும் ஓர் இரவு.

ஜூலை 10, பொட்டோசி

83.

ஜூலை 11

81. விரல் சில்லிட்டிருந்தால் ஆக்ஸிமீட்டர் குறைத்துத்தான் காட்டும். ஐந்து நிமிடம் அக்குளில் வைத்துச் சூடேற்றிய பிறகு 84. இனி இப்படித்தான் எடுக்க வேண்டும்.

காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கு. தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. டீத்தூளில் சாயம் இறங்குவதில்லை. குக்கர் இல்லாமல் சோறு வடித்தால் மேலே குழைந்து நடுவில் அரிசியாகவே நிற்கும். கலாபுர்கா மட்டும் இந்த ஊர் அடுப்பை நம்பாத சாப்பாடு: மக்காச்சோள மாவுக் கஞ்சி, மண்சட்டியில் வரும், பரிமாறும்போது பழுக்கச் சுட்ட எரிமலைக் கல்லொன்றை உள்ளே போடுகிறார்கள். கல்லைச் சுற்றி மட்டும் கஞ்சி குபுகுபுவென்று எழுகிறது, ஓரத்தில் அசையாமல் கிடக்கிறது. ஓரத்திலிருந்து சாப்பிட்டு வர வேண்டும்.

ஜூலை 12, ஞாயிறு

82. இன்று செர்ரோ ரிக்கோ மலையின் வெள்ளிச் சுரங்கத்தில் அநேகமாக ஆளே இருக்காது. வேலை நடப்பதைப் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறை விட்டுவிட வேண்டும்.

தலைவலி மட்டும் என்றால் இருந்த இடத்திலேயே இரு, ஏறாதே. தலைவலியோடு வாந்தி, நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம் என்றால் இறங்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி வறட்டு இருமலும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதே. எண்ணைவிட இந்த அறிகுறிகள்தான் முக்கியம். தெரிந்தும் விரல் தானாகக் கருவிக்குள் போகிறது.

ஜூலை 13, திங்கள்

நாணயச்சாலை அருங்காட்சியகம் இன்று பூட்டு.

செர்ரோ ரிக்கோவை ஊரின் எந்தத் தெருவிலிருந்தும் பார்க்கலாம். செம்மண் நிறக் கூம்பு, ஏறக்குறைய 4,800 மீட்டர். 1545-இல் வெள்ளி தெரிந்தது. மேலடுக்குத் தாது காற்றுப்பட்டு மாறியது, எளிதில் உருகும், அதற்குப் பெயர் பாக்கோ. கீழே கந்தகம் கலந்த நெக்ரில்லோ. அதிலிருந்து வெள்ளியைப் பிரிப்பது பெரும்பாடு. நல்ல பாக்கோ தீரத் தீரத்தான் பாதரசமும் மிதாவும் வந்தன. 1570-களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ வகுத்த அந்தக் கட்டாய வேலை முறையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 13,500 ஆண்கள். மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று ஏட்டில். திங்களன்று மலையேறினால் சனிக்கிழமைதான் இறக்கம். தோல்வார் ஏணி, ஒரு மெழுகுவர்த்தி, முதுகில் தாது. 1812-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

அவர்களுக்கு எவ்வளவு காட்டியிருக்கும்?

ஜூலை 14

85.

நாணயச்சாலைக்குள் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான். உள்ளே வெளியைவிடக் குளிர், கம்பளிச் சட்டை அவசியம். இப்போதைய கட்டடம் 1773-இல் முடிந்தது. தகடு அழுத்தும் மர எந்திரம்தான் நின்று பார்க்க வேண்டியது. மேல்தளத்தில் பல்சக்கரங்கள், கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் செக்கு மாடு போலச் சுற்ற, நடுத்தண்டு தளத்தைத் துளைத்து மேலே ஏறிச் சக்கரங்களைத் திருப்பும். வெள்ளிப் பாளம் உருளைகளுக்கிடையே திரும்பத் திரும்பப் போய் மெலியும். நாணயங்களில் பி, டி, எஸ், ஐ என்ற நான்கு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1640-களில் இங்கே வெள்ளியில் செம்பைக் கூட்டி அடித்து மாட்டிக்கொண்டார்கள். 1650-இல் அதில் சிக்கிய வெள்ளி வணிகர் கோமெஸ் தே லா ரோச்சாவுக்கு மரண தண்டனை.

பாதரசம் பெருவின் வாங்காவெலிக்காவிலிருந்து வந்தது. தாதுவை நீராலைகளில் இடித்து மாவாக்கி, ஒரு தொட்டிக்கு பழைய ஸ்பானியக் கணக்கில் 50 குவிண்டால், அதாவது ஏறக்குறைய 2,300 கிலோ, உப்பும் பாதரசமும் சேர்த்து வாரக்கணக்கில் மிதித்துக் கலந்தார்கள். கழுவினால் அடியில் கனமான கூழ் தங்கும். தயிரைத் துணியில் கட்டிப் பிழிவது போலப் பிழிந்து, மிச்சத்தைச் சூடேற்றினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகும், வெள்ளி நிற்கும். அந்த ஆவி போன இடம் மனிதர்களின் நெஞ்சு.

நீராலைக்கு நீர் காரி-காரி ஏரிகளிலிருந்து. 1626 மார்ச்சில் அணை உடைந்து ஆலைகளில் பெரும்பகுதி போயிற்று.

ஜூலை 15

84. 84. 85. மூன்று தடவை.

நாளைக்குச் சுரங்கத்துக்குள் போக வேண்டியவை: என்95 முகமூடி இரண்டு. துணி முகமூடி வீண்; நுரையீரலின் அடிவரை போகும் சிலிக்கா தூள் ஐந்து மைக்ரானுக்கும் சிறியது. தலைக்கவசம், விளக்கு, ரப்பர் பூட்ஸ், மேலுடுப்பு எல்லாம் அழைத்துப் போகிறவர்கள் தருவார்கள். விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிலாளர்களுக்குச் சந்தையில் கோக்கா இலை, பழச்சாறு, கையுறை. டைனமைட்டும் அங்கேயே விற்கிறார்கள், பயணிகளும் வாங்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

கோக்காவை வெற்றிலை போல மெல்ல வேண்டாம், கன்னத்தில் அடக்க வேண்டும். சுண்ணாம்புக்குப் பதில் சாம்பல் கட்டி, பெயர் லெஹியா. சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேராமல் இலை சரியாக வேலை செய்யாது. மிச்ச இலையை இங்கேயே கொடுத்துவிட வேண்டும், இந்தியாவுக்குக் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்கு.

ஒன்று விடாமல் உறுத்துகிறது. வெடி வைத்த குகையில் கார்பன் மோனாக்சைடு தங்கும். மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் அது ஏறினால் ஆக்ஸிமீட்டரின் ஒளிக்கு ஆக்ஸிஜன் மாதிரியே தெரியும். எண் இறங்காது, நன்றாக இருப்பதாகவே காட்டும். எட்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு உள்ளே அறுந்த கயிறு.

ஜூலை 16

நுழைவாயிலில் பனி உறைந்திருந்தது. ஆழத்தில் சில தளங்களில் 30 டிகிரிக்கு மேல். குனிந்தே நடை, சில இடத்தில் தவழ்தல். தாது வண்டி நிறைந்தால் ஒரு டன் அளவு, பிரேக் கிடையாது. தண்டவாளம் அதிர்ந்தாலே சுவரோடு ஒட்டிவிட வேண்டும், வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை நிற்கக் கூடாது. சுவரிலுள்ள வெள்ளை, பச்சைப் படிவுகளைத் தொடக் கூடாது, ஆர்சனிக் இருக்கும். தொட்ட கையால் முகமூடியைச் சரிசெய்யவே கூடாது. நீர் பாய்ச்சாமல் துளையிடும் இடத்தில் விளக்கொளி இரண்டடிக்கு மேல் போகவில்லை.

எல் தியோ, சுரங்கத் தொழிலாளர்களின் பாதாள தெய்வம்: களிமண் உடல், கொம்பு, வாயில் யாரோ பற்றவைத்துவிட்டுப்போன சிகரெட். நுனி கனிந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்க்க முடிந்தது: இங்கே நெருப்பு நிற்கும் அளவுக்குக் காற்று இருக்கிறது. மோனாக்சைடு பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வெளியே வந்ததும் 90.

அரை மணி கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.