மிகிந்தலை அடிவாரத்தில் ஒரு பழைய வாட்டு

அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பௌத்த மலையான மிகிந்தலையில் ஏற வேண்டிய படிகள் 1,840. இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள், காலடியெல்லாம் உதிர்ந்த பூ. அம்மாவுக்கு ஒரு வருடமாக முழங்கால் நோ. “நீங்கள் ஏறிப்போட்டு வாங்கோ, நான் கீழ இருக்கிறன்” என்றார். தம்பி ஏறிப் போனான். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நான் நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் எத்தனையோ தடவை இந்த ஊரைக் கடந்து போயிருக்கிறேன். படி ஏறாமல் நின்ற அன்றுதான், படிகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் பழைய ஆஸ்பத்திரிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன்.

பார்த்தவுடன் மலைக்க வைக்கும் இடமல்ல. இடுப்பளவுக்கும் உயராத செங்கல் சுவர்கள், முறிந்த கற்றூண்கள், நிலைக்கற்கள், நடுவில் புல். மேலே போகும் கூட்டம் திரும்பியும் பார்க்காமல் போகிறது. அம்மா மட்டும் வாசலிலேயே நின்று இடம் வலம் பார்த்தார். அவர் முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நேர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் கல்லைப் பார்த்தேன். அவர் வாட்டைப் பார்த்தார்.

கட்டடம் இரண்டு பகுதி. முன்னால் வெளிமுற்றம். நோயாளியைப் பார்ப்பதற்கும் மருந்து அரைப்பதற்கும் காய்ச்சுவதற்கும் வெந்நீர்க் குளிப்புக்கும் அங்கே அறைகள் இருந்தன என்கிறார்கள் தொல்லியலாளர்கள். அதைத் தாண்டினால் உள்முற்றம். சதுரமான வெளியைச் சுற்றி நாலு பக்கமும் சிறு சிறு அறைகள், எல்லாமே முற்றத்தைப் பார்த்தபடி. முற்றத்தின் நடுவில் ஒரு சிறிய புத்தர் கோயிலின் அடித்தளம். படுத்திருக்கும் நோயாளிக்கு அறை வாசலால் புத்தர் தெரிய வேண்டும் என்று இப்படிக் கட்டினார்களாம்.

அம்மா அந்த அடித்தளத்துக்குப் பக்கத்தில் போய் நின்று மெல்லச் சுற்றித் திரும்பினார்.

“இஞ்ச நிண்டா எல்லா அறையும் தெரியுது, பிள்ளை. ஆர் எழும்புகினம், ஆர் விழுகினம் எண்டு ஓடித்திரியாமப் பாக்கலாம்.”

அவர் வேலை செய்த ஒரு வாட்டில் கடைசி நாலு கட்டில்கள் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தன. அந்த நாலு கட்டிலுக்காக இரவெல்லாம் நடந்ததைச் சொன்னார். இந்தக் கட்டடத்தின் திட்டத்தைப் புத்தகத்தில் நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் கோயில் நிற்கும் இடம் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் நிற்க வேண்டிய இடமும்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதைக் கட்டியவன் அநுராதபுரத்து அரசன் இரண்டாம் சேனன் (853–887). சேதியகிரியில் அவன் ஒரு வைத்தியசாலை கட்டுவித்தான் என்று இலங்கை அரசர்களின் கதை சொல்லும் பழைய பாலி நூலான சூளவம்சம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. சேதியகிரி என்பது மிகிந்தலையின் பழைய பெயர். மதுரைக்குப் படை அனுப்பிப் பாண்டியரின் நகரைச் சூறையாடியவனும் இதே சேனன்தான். அதற்கு முந்திய அரசன் காலத்தில் பாண்டியர் வந்து அநுராதபுரத்தைக் கொள்ளையடித்ததற்கு அது பதிலடி. பள்ளிக்கூடத்தில் போர்களைப் படித்தோம், ஆஸ்பத்திரியைப் படிக்கவில்லை. எனக்கு அது இன்றும் கவலைதான்.

அம்மாவை அதிக நேரம் நிறுத்தி வைத்தது மருந்துத் தொட்டி. ஒரே கல்லைக் குடைந்து செய்தது. உட்புறம் மனித உடம்பின் வடிவம்: தலைக்கு ஒரு குழி, தோளுக்கு அகலம், காலுக்குப் போகப் போக ஒடுக்கம். நோயாளியை அதில் கிடத்தி மூலிகை எண்ணெயோ கசாயமோ ஊற்றி ஊறவிடுவார்கள். உடம்பின் அளவுக்கே குடைந்திருப்பதால் குறைந்த மருந்திலேயே உடம்பு முழுதும் நனையும். வீண் போவது கொஞ்சம்தான். சிங்களத்தில் இதற்குப் பெயர் ‘பெஹெத் ஒருவ’. ஒருவ என்றால் தோணி. நம்முடைய பழைய வைத்தியத்திலும் எண்ணெய்த் தோணி என்றுதானே சொல்கிறோம்! இதே மாதிரித் தொட்டிகள் மெதிரிகிரியவிலும் பொலன்னறுவையிலும் இருக்கின்றன. இங்கே தோண்டியபோது பாரசீகத்து நீல மெருகுச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. மருந்து வைத்திருந்த சாடிகள் என்று கருதுகிறார்கள். கடல் கடந்து வந்த சாடி இந்தக் காட்டுக்குள் ஒரு நோயாளிக்காக வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மா குனிந்து தலைக்குழியில் கை வைத்துப் பார்த்தார். “வடிவாத் தேய்ச்சிருக்கினம். தோல் உரஞ்சாது” என்றார். முதுகுப் புண்ணோடு வருபவர்களைத் திருப்பிப் போட்டுத் துடைத்த கைகள் அவை.

தம்பி இறங்கி வந்ததும் பழைய வீதியால் வாகனத்தில் மேல் தரிப்பிடம் வரை போனோம். அங்கிருந்து தான சாலை பக்கம்தான். ஆயிரக்கணக்கான பிக்குகளுக்குச் சோறு போட்ட இடம். சோற்றுக்கு ஒரு பெரிய கற்றொட்டி இன்றும் கிடக்கிறது. அதன் அருகே ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு கல்வெட்டுகள் நிற்கின்றன. பின்னால் வந்த அரசன் நான்காம் மகிந்தன் (956–972) வெட்டுவித்தவை. பிக்குகள் விடிய எழும்பிப் பல் துலக்க வேண்டும் என்பதிலிருந்து, யார் யாருக்கு என்ன கூலி என்பது வரை எழுதியிருக்கிறது. சமையற்காரர், குயவர் என்று போகும் பட்டியலில் வைத்தியரும் அட்டை விட்டு இரத்தம் எடுப்பவரும் வருகிறார்கள். எனக்கு இந்தப் பட்டியல் கீழே உள்ள கட்டடத்தை விடப் பெரிதாகத் தெரிகிறது. நிலத்தையும் அரிசியையும் ஒதுக்கி, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தால்தான் நாளைக்கும் வைத்தியர் வருவார் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல் நட்டுச் சில பத்தாண்டுகளில், 993 அளவில், இராஜராஜ சோழனின் படை வந்தது. அநுராதபுரம் தலைநகராக இருந்தது அதோடு முடிந்தது. சோழர் பொலன்னறுவையிலிருந்து ஆண்டார்கள். அரசன் கொடுத்த நிலத்தையும் நெல்லையும் நம்பி நடந்த ஓர் ஆஸ்பத்திரி, அரசன் போனபின் எத்தனை நாள் நடந்திருக்கும்? தமிழ் பேசிக்கொண்டு அந்தக் கல்லின் முன் நிற்கையில் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதே சோழ நாட்டில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 1068 அளவில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று ‘ஆதுலர் சாலை’ ஒன்றைச் சொல்கிறது. பதினைந்து கட்டில்கள். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திர சிகிச்சை செய்பவர் ஒருவர். ‘மருந்து அடும் பெண்டுகள்’ இருவர். அங்கே கட்டடம் இல்லை, கோயில் சுவரில் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில், மதவாச்சி தாண்டும்போது, இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். மருந்து அடும் பெண்டுகள் என்றதும் நிமிர்ந்து இருந்தார்.

“நேர்ஸ்மார்தானே?”

“ஓம் அம்மா.”

“ரெண்டு பேரோ? இரவில ஆர் நிக்கிறது?”

“அது எழுதியில்லை அம்மா. இரவில எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய் குடுத்திருக்கினம்.”

அம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது.

“பதினைஞ்சு கட்டிலுக்கு ஒரு விளக்குக் காணாது, பிள்ளை” என்றார்.