அப்பாவுக்குத் தைத்த மூன்றாவது சட்டை

இன்று காலை பாம்பனில் அப்பா நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். மனசு நிறைந்திருக்கிறது.

முதல் சட்டைக்குத் துணியை நனைக்காமலே வெட்டிவிட்டேன். பருத்தித் துணி, ஒரே சலவையில் ஒன்றரை இஞ்ச் சுருங்கிவிட்டது. இப்போது ராத்திரியே ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியைத் தொடுகிறேன்.

நிறையக் கற்றுத் தந்தது இரண்டாவதுதான். வலை இழுக்கிறவருக்குக் கை தாராளமாக இருக்கட்டும் என்று அக்குள் வெட்டை நன்றாக இறக்கினேன். அப்பா கையைத் தூக்கியதும் சட்டை மொத்தமும் இடுப்புக்கு மேலே ஏறியது. சட்டைக் கையைப் பிரித்துவைத்து வெகுநேரம் பார்த்தபோதுதான் புரிந்தது: அக்குள் கீழே இறங்க இறங்க, கை உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். உடம்பை ஒட்டி மேலே இருந்தால்தான் கை தனியாக அசையும். மூன்றாவதில் முக்கால் இஞ்ச் ஏற்றினேன். சட்டைக் கை தோளில் சேரும் மேல்வளைவைத் தாழ்த்தி, கையை அகலமாக்கினேன்.

அப்புறம், நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். வெள்ளைத் துணி என்றால் புது ஊசி மாட்டிவிடுவது நல்லது.

சாயங்காலம் அப்பா வந்ததும் காலர் கழுத்தில் உறுத்தியதா என்று கேட்க வேண்டும். நீலக் கட்டம் போட்ட துணி இன்னும் இரண்டு மீட்டர் இருக்கிறது.